அப்பா விட்டுப்போன வாரியார் கேசட்டுகள்: நேரில் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

1. பழைய_டேப் (கோவை)

வணக்கம். இங்கே வந்து படித்துவிட்டுப் போகிற ஆள் நான், எழுதுவது குறைவு. இந்த முறை ஒரு உதவி வேண்டும்.

ஆடி மாதம் அப்பா தவறிவிட்டார். போன வாரம் அலமாரியை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் 17 கேசட்டுகள் கிடைத்தன. எல்லாம் டிடிகே 90. மேலே அப்பாவின் கையெழுத்தில், நீல மையில் "வா.சு. 1", "வா.சு. 2" என்று மட்டும் இருக்கிறது. தேதி இல்லை, ஊர் இல்லை. வா.சு. என்றால் வாரியார் சுவாமிகள் என்று அம்மா சொன்னார்கள். கோயில் மேடைகளில் புராணச் சொற்பொழிவு செய்த கிருபானந்த வாரியார்தான். எண்பதுகளில் ஏதோ கோயில் திருவிழாவில், மேடைக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துவிட்டு அப்பா மணலில் உட்கார்ந்து எடுத்தாராம்.

நான் வாரியாரை நேரில் கேட்டதில்லை. அப்பா கூப்பிட்ட நாளெல்லாம் எனக்குக் கிரிக்கெட் இருந்தது. இப்போது இந்த டப்பாவை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நவம்பர் 7 அவருடைய நினைவு நாள் வேறு வருகிறது. நேரில் கேட்டவர்கள் இருந்தால், அந்தச் சொற்பொழிவு எப்படி இருக்கும் என்று சொல்லுங்களேன். அப்பா எதற்காக அப்படி ஓடினார் என்று தெரிந்துகொள்ளத்தான்.

2. ஹெட்_கிளீனர் (சென்னை)

வருந்துகிறேன் நண்பரே. தயவுசெய்து கேசட்டை உடனே போட்டு ஓட்டாதீர்கள். முப்பது வருடம் கிடந்த டேப். முதலில் பெட்டியைத் திறந்து வெள்ளைப் பூசணம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஹெட் தொடும் இடத்தில் ஒரு சின்னப் பஞ்சு இருக்கும், அது பல கேசட்டில் உதிர்ந்துபோயிருக்கும். பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அப்புறம் ஒரு பக்கம் முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றி, அதற்குப் பிறகு கேளுங்கள். வாரியார் பற்றிப் பேச மற்றவர்கள் வருவார்கள்.

3. வேலூர்வாசி

வந்துவிட்டேன். நான் அவர் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன்.

காங்கேயநல்லூர் தெரியாதவர்களுக்கு: வேலூரிலிருந்து பாலாற்றைத் தாண்டி வடகரை, காட்பாடிப் பக்கம். 1906 ஆகஸ்ட் 25 அன்று அங்கே பிறந்தார். அப்பா மல்லையதாசர், அம்மா கனகவல்லி. பதினோரு பிள்ளைகளில் நாலாவது. பள்ளிக்கூடத்துப் படிப்பு கிடையாது. அப்பாதான் வாத்தியார், வீடுதான் பள்ளிக்கூடம். பன்னிரண்டு வயதுக்குள் பதினாயிரம் பாட்டு மனப்பாடம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர் யார் என்று கேட்காதீர்கள். அவர் பேச்சைக் கேட்ட யாரும் அந்தக் கணக்கைச் சந்தேகப்பட்டதில்லை. பதினெட்டு வயதில் மேடை ஏறியவர், 87 வயது வரை இறங்கவில்லை.

1993 நவம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. நான் அப்போது பத்தாம் வகுப்பு. லண்டனிலிருந்து திரும்பும்போது விமானத்திலேயே உயிர் பிரிந்தது என்று செய்தி வந்தது. எங்கள் தெருவில் பட்டாசுக் கடை போட்டிருந்தவர் கடையைப் பாதியில் மூடிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு காங்கேயநல்லூருக்குப் போனார். அவர் அப்படியொன்றும் கோயிலுக்குப் போகிற ஆள் கிடையாது. எனக்கு அன்று ஆச்சரியமாக இருந்தது அதுதான்.

வீரசைவ மரபு அவருடையது. சின்ன வயதிலேயே லிங்கதாரணம், அதாவது உடம்பில் சிவலிங்கம் அணிவிக்கும் சடங்கு, ஆனவர். அதனால் தகனம் இல்லை, சமாதி. முருகன் கோயிலுக்கு எதிரில் ஞானத்திருவளாகம் என்று இருக்கிறது. வேலூர் வந்தால் சொல்லுங்கள், கூட்டிப்போகிறேன்.

4. தஞ்சாவூர்_அக்கா

பழைய டேப் தம்பி, உன் அப்பா ஏன் ஓடினார் என்று கேட்டாயே. நான் ஓடிய கதையைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊர்க் கோயிலில் பத்து நாள் மகாபாரதம். எனக்கு எட்டு வயது இருக்கும். வெளிப் பிராகாரத்தில் கோரைப் பாயை மாலை நாலு மணிக்கே போட்டு இடம் பிடிப்போம். அவர் வருவார். நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் குங்குமம், கழுத்தில் உருத்திராக்கம். உட்கார்ந்தவுடன் பாட்டு. கதை அப்புறம்தான். வீணை கற்றவர் அல்லவா, சுருதி பிசகாது.

குழந்தைகள் எல்லாம் முன் வரிசை. நடுநடுவே எங்களைக் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால் ஒரு சின்னப் புத்தகம். நான் கை தூக்கினேன். தருமனுக்கு எத்தனை தம்பிகள் என்று கேட்டார். பாண்டவர் ஐவர் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்களே, ஐந்து என்று கத்திவிட்டேன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கர்ணனையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தம்பியும் அண்ணனுமாக ஐந்து பேர் கூடப் பிறந்தவர்கள் வருகிறார்களே, குழந்தை முன்கூட்டியே கதை முடிவைச் சொல்லிவிட்டது என்கிற மாதிரி ஏதோ சொல்லி, புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். வார்த்தைக்கு வார்த்தை நினைவில்லை. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் கர்ணன் யார் என்று கேட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

5. வேலூர்வாசி

அக்கா, இது அந்த "சிவாஜி" கதைக்கு உடன்பிறப்பு போல இருக்கிறதே! தெரியாதவர்களுக்காக: திருவிளையாடல் படம் வந்து ஓடிக்கொண்டிருந்த சமயம், 1965. முருகனுடைய அப்பா யார் என்று ஒரு பையனைக் கேட்டாராம். பையன் "சிவாஜி" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிக்காதீர்கள், காந்தியை மரியாதையாகக் காந்திஜி என்கிறோம், நேருவை நேருஜி என்கிறோம், இந்தப் பிள்ளை சிவாவை மரியாதையாகச் சிவாஜி என்கிறான் என்று முடித்துவிட்டார்.

6. கணக்குப்பிள்ளை

"சொல்லின் செல்வர்" கதையும் உண்டு. ராமாயணச் சொற்பொழிவு. அனுமனைக் கம்பர் சொல்லின் செல்வன் என்கிறாரே, அந்த இடம். பின் வரிசையில் சிலர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறார்கள். அதோ, அவர்களும் சொல்லின் செல்வர்கள்தான், நான் சொல்லச் சொல்லச் செல்கிறார்கள் என்றாராம். எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள் என்று கேள்வி.

7. கருப்புச்சட்டை

இரங்கல் இழையில் வந்து சண்டை போட வேண்டாம் என்று பார்த்தேன். ஆனாலும் ஒரு வார்த்தை. இணையத்தில் உலவும் வாரியார் நகைச்சுவைகளில் பாதி, வேறு யார் யாரோ சொன்னவை. ஒருவர் செத்துப்போனால் ஊரில் அநாதையாகத் திரியும் ஜோக்குகளெல்லாம் அவர் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொள்ளும்.

அப்புறம், அவர் சொன்னதெல்லாம் தேன் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். பெண்களுக்கு அவர் சொன்ன கற்பு நெறிக் கதைகளை இன்று உங்கள் மகளுக்குச் சொல்வீர்களா? என் அப்பா திராவிடர் கழகம். எங்கள் ஊர் மைதானத்தில் ஒரு வாரம் இவர், அடுத்த வாரம் எங்கள் கூட்டம். இவர் பேசியதற்கு அங்கே பதில், அங்கே பேசியதற்கு இவர் பதில்.

8. தஞ்சாவூர்_அக்கா

மகளுக்குச் சொல்ல மாட்டேன். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கணவன் எது செய்தாலும் பொறுத்துப் போ என்கிற கதைகளை அந்த வயதிலேயே என் அம்மா முகம் சுளித்துக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே அம்மா மறுநாளும் போய் உட்கார்ந்தாள். பகல் பூராவும் அடுப்படியில் கிடந்தவளுக்கு ஒரு இரண்டு மணி நேரம் கம்பனும் அருணகிரியும் கிடைத்த இடம் அது ஒன்றுதான். எழுதப் படிக்கத் தெரியாதவள். பெரிய புராணத்தில் நாயன்மார் பெயர் அறுபத்து மூன்றையும் வரிசையாகச் சொல்வாள். யாரிடம் படித்தாள்?

9. கருப்புச்சட்டை

அதை மறுக்கவில்லை அக்கா. உண்மையைச் சொன்னால் என் அப்பாவும் அவர் கூட்டத்துக்குப் போவார். எதிரி என்ன பேசுகிறான் என்று தெரிந்துகொள்ள என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். பதில் சொல்லக் குறிப்பு எடுக்கப் போனவர் ஒரு நாளும் பாதியில் எழுந்து வந்ததில்லை.

10. திருப்புகழ்_ரசிகை

எல்லோரும் மேடையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அவர் மேசைதான் முக்கியம்.

1936 தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தபோது, சத்திய ஞான சபையில் உட்கார்ந்து "கைத்தல நிறைகனி" பாட்டுக்கு உரை எழுதினார். அதிலிருந்து தொடங்கியது "திருப்புகழ் அமிர்தம்" மாத இதழ். முப்பத்தேழு வருடம் வந்தது. மாதம் ஒரு திருப்புகழுக்கு உரை, கூடக் கந்தர் அலங்கார உரை. ஊர் ஊராக ரயிலில் போய்க்கொண்டிருந்த மனிதர் இத்தனை வருடம் மாதம் தவறாமல் எழுதியிருக்கிறார். நமக்கு இந்த மன்றத்தில் வாரம் ஒரு பதிவு போட முடியவில்லை.

திருப்புகழ் காதுக்கு எளிது, புத்திக்குக் கஷ்டம். தாளத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும், பொருள் பிடிபடாது. "முத்தைத்தரு பத்தித் திருநகை" என்று எத்தனை தடவை பாடியிருப்போம். பத்தி என்றால் பக்தி என்றே நான் இருபது வயது வரை நினைத்திருந்தேன். பத்தி என்றால் வரிசை. முத்து வரிசை போன்ற பற்கள், அந்தச் சிரிப்பு. யாருடைய சிரிப்பு? அடுத்த அடியில் "அத்திக்கிறை" என்று வருகிறது. அத்தி என்றால் யானை. இந்திரனுடைய யானை வளர்த்த பெண் தெய்வயானை, அவளுக்கு நாயகன். முதல் அடியில் மணப்பெண் சிரிக்கிறாள், இரண்டாம் அடியில் மாப்பிள்ளை வந்துவிட்டார். வாரியார் உரையைக் கையில் வைத்துக்கொண்டு பதம் பிரித்துப் படித்த அன்றுதான் எனக்கு இது தெரிந்தது. அதற்கு முன் வாயால் பாடியதெல்லாம் வெறும் தாளம்.

அருணகிரியைச் சுவடியிலிருந்து தேடி எடுத்து 1890-களில் அச்சுக்குக் கொண்டுவந்தவர் வ.த.சுப்பிரமணிய பிள்ளை. அவர் மகன் செங்கல்வராய பிள்ளை உரை கண்டார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அதைத் தெருவில் பாட வைத்தார். வாரியார் அதைத் திருவிழா மைக்கில் புரிய வைத்தார். வள்ளிமலையும் காங்கேயநல்லூரும் ஒரே வட்டாரம் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

11. வேலூர்வாசி

அந்த வட்டாரத்தில் வெயில் அதிகம் அக்கா. வெளியே போக முடியாது, பாட்டு மனப்பாடம் செய்வோம்.

12. நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. அரசியல் பக்கம் யாரும் முழுதாகத் திரும்ப வேண்டாம். எம்.ஜி.ஆருக்கு "பொன்மனச் செம்மல்" பட்டம் கொடுத்தவர் வாரியார் என்பது வரை அனுமதி. அதற்கு மேல் போனால் பூட்டுவேன்.

13. சனிக்கிழமை_சினிமா

நான் தொண்ணூற்றேழில் பிறந்தவன். எனக்கு அவரைத் தெரிந்தது "தெய்வம்" (1972) படத்தில்தான். தேவர் படம், அவர் அவராகவே வருவார். டிவியில் போட்டபோது "மருதமலை மாமணியே" பாட்டுக்காகப் பார்க்க உட்கார்ந்தேன். படத்தில் மேக்கப் போட்டுக்கொண்டவர்கள் எல்லாம் நடிப்பது தெரிகிறது, நடுவில் இந்த ஒரு மனிதர் மட்டும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசுகிறார். யார் இவர் என்று தாத்தாவைக் கேட்டேன். தாத்தா டிவியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். படத்தின் மீதியை இன்னும் பார்க்கவில்லை.

14. தேம்ஸ்கரை (லண்டன்)

நான் யாழ்ப்பாணத்தான். எண்பதுகளில் இங்க வந்தது. எங்கட ஊரில் கந்தபுராணப் படிப்பு என்று ஒன்று உண்டு. கோயிலில் ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், பக்கத்தில் இருக்கிறவர் பயன் சொல்லுவார். சின்ன வயதில் அதைக் கேட்டு வளர்ந்த காது. வாரியார் சுவாமிகள் பேசும்போது அந்த இரண்டு பேரும் ஒரே ஆளுக்குள் இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. தானே வாசிப்பார், தானே பயன் சொல்லுவார்.

1993-இல் அவர் கடைசியாக லண்டன் வந்தபோது போய்க் கேட்டேன். குளிர் தொடங்கிவிட்டது. ஊரை விட்டு ஓடி வந்த சனம் நாங்கள், மேல் கோட்டைக் கழற்றாமல் கும்பலாக இருந்தோம். 87 வயது. மேடைக்கு ஏற இரண்டு பேர் பிடித்தார்கள். இருந்து பாடத் தொடங்கினதும் எங்களை விட இளையவர் ஆகிவிட்டார். அன்றைக்கு என்ன கதை சொன்னார் என்று இப்ப என்னால் உறுதியாகச் சொல்ல ஏலாது. பக்கத்தில் இருந்த வயசாளி ஒருவர் முழு நேரமும் அழுதுகொண்டிருந்தார், அதுதான் கண்ணில் நிற்கிறது. கதையில் அழுகிற இடம் ஒன்றும் வரவில்லை.

சில நாளில் விமானத்தில் போய்விட்டார் என்று தொலைபேசி வந்தது. நம்பவில்லை. போன ஆள் போய்ச் சேர்ந்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

15. கணக்குப்பிள்ளை

திருத்தணிக்கு மேலே விமானம் பறக்கும்போது உயிர் பிரிந்தது என்று சொல்வார்கள். முருகன் தன் படைவீட்டுக்கு நேர் மேலே அழைத்துக்கொண்டான் என்று.

16. கருப்புச்சட்டை

விமானத்தில் கீழே எந்த ஊர் போகிறது என்று யார் எட்டிப் பார்த்தார்கள்?

17. கணக்குப்பிள்ளை

மேற்கிலிருந்து சென்னைக்கு வருகிற விமானம் திருத்தணிப் பக்கத்தைத் தாண்டித்தானே வர வேண்டும்? வரைபடத்தில் பாருங்கள். அடியார்கள் ஒன்றும் கண்காணாத ஊரைச் சொல்லவில்லை. நம்புகிறவர் நம்பட்டும்.

18. திருப்புகழ்_ரசிகை

எனக்குத் திருத்தணியை விட விமானம் என்கிற சொல்தான் அன்று மனதில் ஓடியது. கோயில் கருவறைக்கு மேலே இருப்பதும் விமானம். இதை வைத்து அவரே ஒரு சிலேடை சொல்லியிருப்பார், நாம் சிரித்திருப்போம்.

கந்தர் அலங்காரத்தில் ஒரு பாட்டு, "விழிக்குத் துணை திரு மென்மலர்ப் பாதங்கள்" என்று தொடங்கும். மொழிக்குத் துணை முருகா என்னும் நாமங்கள். கடைசியில் "பயந்த தனிவழிக்குத் துணை வடிவேலும் செங்கோடன் மயூரமுமே". தனிவழி என்றால் செத்தபின் போகிற வழி. யாரும் கூட வராத வழி. எங்கள் வீட்டில் சாவு விழுந்த மறுநாள் இந்தப் பாட்டைப் பாடுவோம். அவர் மறைந்த செய்தி கேட்ட அன்று அம்மா இதைத்தான் பாடினாள். "செங்கோடன் மயூரம்" என்ற இடத்தில் நிறுத்தி, ஆகாசத்திலேயே வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கு பார் மயில் என்றாள்.

19. கிள்ளான்காரன் (மலேசியா)

எங்கள் எஸ்டேட்டில் வாரியார் கேசட் இல்லாத வீடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோழி அறுக்கிற நாள். அவர் புலால் உண்ணாமை பேசுகிற கேசட்டைத் தாத்தா சத்தமாகப் போடுவார், பாட்டி அடுப்படியில் கோழி வதக்கிக்கொண்டே கேட்பார். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். யாருக்கும் சங்கடம் இல்லை.

20. உறையூர்_மாமா (திருச்சி)

வயலூரை யாரும் சொல்லவில்லையே. அருணகிரியை ஆட்கொண்ட ஊர்களில் ஒன்று. "செய்ப்பதி" என்று திருப்புகழில் வருவது எங்கள் வயலூர்தான். செய் என்றால் வயல்.

இந்தப் பக்கத்தில் பரம்பரையாகச் சொல்லுவது: வாரியார் இளைஞராக இருந்த காலத்தில் வயலூருக்கு வந்து தட்டில் எட்டணா போட்டுவிட்டுப் போனார். அன்று இரவு கோயில் பொறுப்பில் இருந்தவர் கனவில் முருகன் வந்து, அந்த எட்டணாவை வைத்துக்கொண்டு கோபுரமா கட்டப் போகிறாய் என்று கேட்டானாம். பயந்துபோய் எட்டணாவை மணியார்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. காரணம் தெரிந்ததும், சரி, அவன் கோபுரம் கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டார். இன்று வயலூர் ராஜகோபுரம் நிற்பது அவர் திருப்பணி. மணியார்டர் கமிஷன் எவ்வளவு ஆகியிருக்கும் என்று என் தம்பி கேட்பான், அவன் தபால் இலாகா.

வடலூர் சத்திய ஞான சபைத் திருப்பணியும் அவர் முன்னின்று செய்ததுதான், 1950-இல் முடிந்தது. முருகனடியார் வள்ளலார் சபைக்கு ஏன் ஓடினார் என்று சிலர் கேட்பார்கள். அவருக்கு அந்தப் பிரிவெல்லாம் கிடையாது.

21. பழைய_டேப்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வேலைக்கு நடுவே இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஹெட் கிளீனர் சொன்ன மாதிரியே துடைத்து, சுற்றி, நேற்று இரவு "வா.சு. 1" போட்டேன்.

முதலில் ஒரு நிமிடம் நாதஸ்வரம், எங்கோ தூரத்தில். யாரோ மைக்கைத் தட்டுகிறார். அப்புறம் அப்பாவின் குரல், மிகப் பக்கத்தில், "ஓடுதா?" என்று. டேப் ஓடுகிறதா என்று யாரையோ கேட்கிறார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை அம்மா நாலு தடவை போடச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவர் பாடினார். தஞ்சாவூர் அக்கா சொன்னது சரி, கதை பாட்டுக்கு அப்புறம்தான். பெரிய புராணம், கண்ணப்பர். நடுவே குழந்தைகளைக் கேள்வி கேட்கிறார். பதில்கள் மைக்குக்கு எட்டவில்லை, கூட்டம் சிரிப்பது மட்டும் கேட்கிறது. என்ன பதில் சொன்னார்கள் என்று அவருடைய மறுமொழியை வைத்து நாமே ஊகிக்க வேண்டும்.

இனி ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று. "வா.சு. 2"-இல் கண்ணப்பர் வேட்டைக்குப் போய்விட்டு வந்து, குடுமித்தேவர் கண்ணில் இரத்தம் வடிவதைப் பார்க்கிறார். பச்சிலை தேடி ஓடுகிறார். அந்த இடத்தில் "டக்" என்று ஒரு சத்தம். இளையராஜா பாட்டு. அடுத்து இன்னொன்று. பக்கம் முடிகிற வரைக்கும் பாட்டுதான். நடுவே என் குரலும் என் நண்பன் குரலும், எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது.

எனக்கு இப்போதுதான் நினைவு வந்தது. காலி கேசட் வாங்கக் காசு இல்லாமல் அப்பா டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தேன். அழியாமல் இருக்க மேலே இருக்கிற இரண்டு மூலைகளையும் அப்பா உடைத்துத்தான் வைத்திருந்தார். நான் செலோ டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பதிவு செய்திருக்கிறேன். அந்தச் செலோ டேப் இன்னும் அப்படியே இருக்கிறது, மஞ்சளாகி.

அப்பா அதற்குப் பிறகு அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை.

22. தஞ்சாவூர்_அக்கா

தம்பி, அழாதே. நான் என் அண்ணனுடைய கல்யாணக் கேசட்டில் ஒலிச்சித்திரம் பதிவு செய்தவள்.

23. ஹெட்_கிளீனர்

அதை மீட்க முடியாது, பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். மேலே பதிவானால் பழையது போனதுதான். ஆனால் செலோ டேப்பை இப்போதே எடுத்துவிடுங்கள், பிசின் உருகிக் கேசட்டுக்குள் போகும். மீதி 16-ஐயும் கணினியில் ஏற்றுங்கள், ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருள் போதும். இரைச்சல் நீக்குகிறேன் என்று அதிகமாகக் கையை வைக்காதீர்கள், முதல் பிரதியை அப்படியே வைத்திருங்கள். நாதஸ்வரமும் உங்கள் அப்பா "ஓடுதா" என்பதும் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும்.

24. கருப்புச்சட்டை

கண்ணப்பர் கதை முடிவு உங்களுக்குத் தெரியுமா, இல்லை நான்தான் சொல்ல வேண்டுமா? ஒரு நாத்திகன் வாயால் கேட்க வேண்டி வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

25. பழைய_டேப்

கதை தெரியும் ஐயா. தன் கண்ணைப் பிடுங்கி அப்புவார், அடுத்த கண்ணுக்கு அடையாளமாகக் காலை ஊன்றுவார், நில்லு கண்ணப்ப என்று குரல் வரும். அது எல்லோருக்கும் தெரியும். அவர் அதை எப்படிச் சொன்னார் என்பதுதான் என்னிடம் இல்லை. அந்த இடத்தில் அப்பா என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை. அழுதிருப்பாரோ என்னவோ. டேப்பில் கேட்டிருக்கலாம்.

26. மஞ்சள்மண்டி (ஈரோடு)

இழையை இப்போதுதான் பார்த்தேன். என் பெரியப்பாவிடம் வாரியார் கேசட் ஒரு பெட்டி இருக்கிறது. அவரும் இதே பைத்தியம், மணலில் உட்கார்ந்து பதிவு செய்கிற கோஷ்டி. அதில் பெரிய புராணம் வரிசை உண்டு, கண்ணப்பர் இருப்பது எனக்கு நிச்சயம் தெரியும். கண்ணப்பர் கேசட்டை மட்டும் யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டார். எந்த ஊர், எந்த வருடம் என்று அவருக்கே நினைவில்லை. உங்கள் அப்பா பதிவு செய்த அதே மேடையாக இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். வாரியார் ஒரே கதையை எத்தனையோ ஊரில் சொல்லியிருக்கிறார்.

27. பழைய_டேப்

ஊர் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. பெரியப்பா கேசட்டை வெளியே கொடுக்க வேண்டாம், கூரியரிலும் அனுப்ப வேண்டாம். நான் வருகிறேன். அங்கேயே உட்கார்ந்து கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார்கள்.

28. மஞ்சள்மண்டி

பெரியப்பாவிடம் சொன்னேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்கிறார். சாப்பாடு இங்கேதான், கண்டிப்பாக. ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: கேசட் ஓடும்போது யாரும் நடுவில் எழுந்து போகக்கூடாதாம். சொல்லின் செல்வர்களுக்கு வீட்டில் இடம் இல்லை என்கிறார்.

29. பழைய_டேப்

சரி. பாய் வேண்டுமானால் எடுத்து வருகிறேன். உங்கள் பிளேயரின் ஹெட்டைத் துடைத்து எத்தனை நாளாயிற்று? ஸ்பிரிட்டும் பஞ்சும் நானே கொண்டுவருகிறேன், அதுவரை தயவுசெய்து யாரும் அந்தக் கேசட்டைப் போட வேண்டாம்.